மத அதிகாரத்தை மறுப்பவரோடு ஒரு கிறிஸ்தவர் பேசுவது எப்படி?

வேதபாட வகுப்பில் பதினேழு வயது மாணவன் ஒருவன் ஒருமுறை என்னிடம், “இதையெல்லாம் நான் ஏன் நம்ப வேண்டும்?” என்று கேட்டான். அவன் குரலில் ஏளனம் சிறிதும் இல்லை. ஆனாலும், வகுப்பில் இருந்த மற்றவர்களுக்கும் அந்தச் சந்தேகம் தொற்றிக்கொள்ளுமோ என்ற பயத்தில், “வேதத்தில் எழுதியிருக்கிறது, அதற்குமேல் கேள்வி கேட்கக் கூடாது” என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். அதன்பின் அவன் எதுவும் கேட்கவில்லை. சில வாரங்களில் வகுப்புக்கு வருவதையும், சில மாதங்களில் ஆலயத்துக்கு வருவதையும் நிறுத்திவிட்டான். அவன் தேவனை மறுத்துவிட்டான் என்றுதான் அப்போது எல்லாரிடமும் சொன்னேன். அவன் மறுத்தது என்னுடைய பதிலைத்தான் என்பதை உணர எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

இப்படிப்பட்ட கேள்வியை வீட்டிலோ வகுப்பிலோ சபையிலோ எதிர்கொள்ளும் பெற்றோர், ஆசிரியர்கள், மூப்பர்கள், போதகர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். மத அதிகாரத்தை மறுப்பது இன்று ஓரிருவருடைய பிடிவாதமாக இல்லாமல், ஒரு காலத்தின் பொதுவான மனப்போக்காகவே ஆகிவிட்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்களைக் கிறிஸ்தவர் என்று குறிப்பிட்டவர்கள் 59.3 சதவீதம், 2021இல் அது 46.2 சதவீதமாகக் குறைந்து, மதம் இல்லை என்றவர்கள் 37.2 சதவீதமாக உயர்ந்தார்கள். எத்தனை பேர் விலகினார்கள் என்பதைக் கணக்கெடுப்பு சொல்லும். ஏன் விலகினார்கள் என்பதை அவரவரிடம்தான் கேட்டறிய வேண்டும்.

எதை மறுக்கிறார் என்று முதலில் கேளுங்கள்

“எனக்கு மத அதிகாரம் எதுவும் வேண்டாம்” என்று ஒருவர் சொல்லும்போது அவர் எதை வேண்டாம் என்கிறார் என்பது அந்த வாக்கியத்திலிருந்து தெரியாது. தேவன் இருக்கிறார் என்பதையே அவர் மறுக்கலாம். தேவனை ஏற்றுக்கொண்டு வேதத்தின் அதிகாரத்தை மட்டும் மறுக்கலாம். வேதத்தை நேசித்துக்கொண்டே, தன் வாழ்க்கையில் அத்துமீறி நுழைந்த ஒரு போதகரை மறுக்கலாம். தகப்பன் அடித்துத் திணித்த பக்தியை மறுப்பவர்களும் உண்டு. இவை நான்கும் வெவ்வேறு நோய்கள். நான்குக்கும் ஒரே மருந்தைக் கொடுப்பதுதான் நாம் அடிக்கடி செய்யும் தவறு.

ஆகவே, பதில் சொல்லத் தொடங்குமுன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: “எதை நம்ப முடியாமல் போயிற்று? யாரை நம்ப முடியாமல் போயிற்று?” என் அனுபவத்தில், முதல் கேள்விக்குக் கருத்துகள் பதிலாக வரும், இரண்டாம் கேள்விக்குப் பெரும்பாலும் முதலில் மௌனமும் பிறகு ஒரு நிகழ்ச்சியும் வரும். அந்த நிகழ்ச்சியை இடைமறிக்காமல் இறுதிவரை கேளுங்கள். அன்றைக்கே எதையும் நிரூபிக்க வேண்டிய அவசரம் யாருக்கும் இல்லை.

இந்த மறுப்பின் வரலாற்றில் நமக்கும் பங்கு உண்டு

அதிகாரத்தை எதிர்த்துக் கேள்வி கேட்பது என்பது விசுவாசத்தின் எதிரிகள் வெளியிலிருந்து கொண்டுவந்த பழக்கம் என்று எண்ணிக்கொண்டு பேசப் போகாதீர்கள். அரசனாகிய தாவீதின் முகத்துக்கு நேரே “நீயே அந்த மனுஷன்” என்று சொன்னவர் நாத்தான் தீர்க்கதரிசி. “மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியமாயிருக்கிறது” என்று ஆலோசனைச் சங்கத்தின் முன் நின்று சொன்னவர்கள் அப்போஸ்தலர்கள். அந்தியோகியாவில் பேதுருவையே பவுல் முகமுகமாய் எதிர்த்தார் என்று கலாத்தியர் நிருபம் பதிவு செய்கிறது. 1521இல் வோர்ம்ஸ் நகரில் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் முன் நிறுத்தப்பட்ட மார்ட்டின் லூதர், போப்பாண்டவரும் சங்கங்களும் தவறியிருக்கிறார்கள் என்று சொல்லித் தன் எழுத்துகளைத் திரும்பப் பெற மறுத்தார். 1646இல் உருவான வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, தேவன் ஒருவரே மனச்சாட்சியின் ஆண்டவர் என்று அறிவித்தது.

ஆனால் ஒரு முக்கியமான வேறுபாட்டை இங்கே காட்ட வேண்டும். லூதர் தன் மனச்சாட்சி எதற்கும் கட்டுப்படாதது என்று சொல்லவில்லை. அது தேவனுடைய வார்த்தைக்குச் சிறைப்பட்டிருக்கிறது என்றார். ஒரு பெரிய அதிகாரத்துக்குக் கட்டுப்பட்டிருந்ததால்தான் அவரால் சிறிய அதிகாரத்தை எதிர்க்க முடிந்தது. பின்னர், 1618 முதல் 1648 வரை ஐரோப்பாவைச் சூறையாடிய முப்பதாண்டுப் போரில் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்ட் பிரிவினரும் மதத்தின் பெயரால் ஒருவரையொருவர் கொன்று குவித்ததைக் கண்ட தலைமுறைகள், எந்தச் சபையின் சொல்லையும் நம்பாமல் அனைவருக்கும் பொதுவான பகுத்தறிவைத் தேடின. 1784இல் ஜெர்மானியத் தத்துவஞானி இம்மானுவேல் காண்ட் அறிவொளி என்பதற்கு விளக்கம் எழுதியபோது, பிறருடைய வழிகாட்டுதல் இல்லாமல் தன் அறிவைத் தானே பயன்படுத்தத் துணிவதையே அதன் முழக்கமாக வைத்தார். போரிட்டவர்கள் கிறிஸ்துவின் பெயரைத் தரித்தவர்கள் என்பதை மறைத்துவிட்டு, அவர்களிடமிருந்து விலகிய தலைமுறைகளை மட்டும் குற்றம் சொல்வது நேர்மையாகாது.

காயப்பட்டவரிடம் வசனத்தை ஆயுதமாக எடுக்காதீர்கள்

இந்தப் பகுதியைத்தான் மிகுந்த பாரத்தோடு எழுதுகிறேன். சபையின் தவறுகளை ஒருவர் பட்டியலிடும்போது, “எங்கேயும் ஓரிருவர் அப்படி இருப்பார்கள்” என்று சொல்லிக் கடந்துபோகாதீர்கள். கலிலேயோவை 1633இல் விசாரித்துத் தண்டித்த விவகாரத்தில் நடந்த தவறுகளைப் போப் இரண்டாம் ஜான் பால் 1992இல்தான் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அமெரிக்காவில் அடிமைமுறையை வேத வசனங்களைக் காட்டி நியாயப்படுத்திய பிரசங்கிகள் இருந்தார்கள். அந்தப் பிரச்சினையை ஒட்டி 1845இல் பிரிந்து உருவான தெற்கு பாப்டிஸ்ட் மாநாடு என்ற சபை அமைப்பு, அதற்காக மன்னிப்புக் கேட்டது 1995இல். பாஸ்டனில் பாதிரியார்கள் சிறுவர்களிடம் செய்த பாலியல் கொடுமைகளும், அவற்றை மேலிடம் மூடிமறைத்த விதமும் 2002இல் ஒரு நாளிதழின் புலனாய்வினால் அம்பலமாயின. அங்கே மக்களின் நம்பிக்கையை உடைத்தது குற்றம் மட்டும் அன்று. குற்றம் செய்தவரை வேறு பங்குக்கு மாற்றிவிட்டுச் சபையின் பெயரைக் காப்பாற்ற முயன்றதே அதைவிட ஆழமாக உடைத்தது.

எசேக்கியேல் 34ஆம் அதிகாரத்தைக் காயப்பட்டவரோடு சேர்ந்து மெதுவாக வாசியுங்கள். மந்தையை மேய்க்காமல் தங்களையே மேய்த்துக்கொண்ட மேய்ப்பர்களைப் பார்த்துக் கர்த்தர் சொல்லும் வார்த்தைகள், எந்த நாத்திகரின் விமரிசனத்தையும்விடக் கடுமையானவை. மேய்ப்பரின் அதிகாரத்தைக் கர்த்தர் அங்கே காக்கவில்லை. அவர்கள் கையிலிருந்து ஆடுகளைக் காக்கிறார். தனக்கு இழைக்கப்பட்ட அநீதியைத் தேவன் தன்னைவிட அதிகமாக வெறுக்கிறார் என்பதைப் பலர் அந்தப் பகுதியில்தான் முதன்முறையாகக் காண்கிறார்கள்.

நடைமுறையில் சில காரியங்களைக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். சபைத் தலைவர் ஒருவரால் தனக்கு நேர்ந்த கொடுமையை ஒருவர் உங்களிடம் சொன்னால், “வெளியே சொல்லாதே, சபைக்கு அவமானம்” என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. அது சட்டப்படி குற்றமானால் காவல்துறைக்குச் செல்ல அவருக்குத் துணையாக நில்லுங்கள். உடனடியாக மன்னிக்கும்படி வற்புறுத்தாதீர்கள். “உங்களை நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படியுங்கள்” என்று எபிரெயர் 13:17ஐ அவரிடம் மேற்கோள் காட்டாதீர்கள். அந்த வசனமே, நடத்துகிறவர்கள் ஆத்துமாக்களுக்காகக் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர்கள் என்று சொல்வதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

கேள்வி கேட்பவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள்

பவுலின் போதனையை அப்படியே விழுங்கிவிடாமல், காரியங்கள் அவர் சொல்வதுபோல் இருக்கின்றனவா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்து பார்த்த பெரோயா பட்டணத்தாரை அப்போஸ்தலர் நடபடிகள் நற்குணசாலிகள் என்று புகழ்கிறது. அப்போஸ்தலன் ஒருவரின் போதனையையே சோதித்துப் பார்க்கலாம் என்றால், நம்முடைய போதனையை ஒரு மாணவன் சோதிப்பதில் என்ன குறை? எனவே கேள்வி வரும்போது முகம் சுளிக்காதீர்கள். விடை தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால், “எனக்குத் தெரியவில்லை, அடுத்த வாரத்துக்குள் படித்துவிட்டு வருகிறேன்” என்று சொல்லி, அதேபடி படித்துவிட்டு வாருங்கள். சொன்னபடி திரும்பி வருவதுதான் இதில் முக்கியம். “சாந்தத்தோடும் வணக்கத்தோடும்” உத்தரவு, அதாவது பதில், சொல்லும்படி பேதுரு எழுதியபோது, உத்தரவின் உள்ளடக்கத்தைப்போலவே அதைச் சொல்லும் தொனியையும் அவர் கட்டளையாக்கினார்.

“நானே எனக்கு அதிகாரி” என்பவரிடம்

காயமோ சந்தேகமோ இல்லாமல், தன் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் உரிமை தன்னைத் தவிர வேறு யாருக்கும் இல்லை என்று தெளிவாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். இவர்களிடம் விவாதத்தில் வெல்ல முயல்வதைவிட, ஒரு கேள்வியை அவர்களோடு சேர்ந்து யோசிப்பது பயன்தரும்: “இந்த எண்ணம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது?” எதை விரும்ப வேண்டும், எதைக் கண்டு கோபப்பட வேண்டும், எப்படிப்பட்ட வாழ்க்கை வெற்றிகரமானது என்பதை, நாள்முழுவதும் கையில் இருக்கும் கைபேசித் திரை ஓயாமல் கற்பித்துக்கொண்டே இருக்கிறது. அடுத்து எந்தக் காணொளி வர வேண்டும் என்று ஒரு கணிப்புமுறை முடிவு செய்கிறது; எந்தக் கருத்தைத் துணிந்து சொல்லலாம் என்பதை விருப்பக்குறிகளின் எண்ணிக்கை முடிவு செய்கிறது. அதிகாரமே இல்லாமல் வாழ்பவர் எவரும் இல்லை என்பதை மெல்ல மெல்ல அவரே காணட்டும். அதைக் கண்டவுடன், “பார்த்தீர்களா, மாட்டிக்கொண்டீர்கள்” என்ற தொனியில் பேசினால் எல்லாம் கெட்டுவிடும். அதே திரைக்கு நாமும் அடிமைப்பட்டிருக்கிறோம் என்று ஒப்புக்கொள்வதே உண்மை.

நியாயாதிபதிகள் புத்தகத்தின் கடைசி வசனம் இங்கே நினைவுக்கு வரும்: “அந்நாட்களில் இஸ்ரவேலிலே ராஜா இல்லை, அவனவன் தன்தன் பார்வைக்குச் சரிப்போனபடி செய்துவந்தான்.” இந்த வசனத்தைத் தனியே எடுத்துப் பிரசங்கிப்பது நம் வழக்கம். அதற்கு முந்திய அதிகாரங்களோடு சேர்த்து வாசித்தால்தான் அதன் கனம் தெரியும். 19ஆம் அதிகாரத்தில் ஒரு பெண்ணை அவளுடைய புருஷனே வெறிபிடித்த கூட்டத்திடம் வெளியே தள்ளிவிடுகிறான். விடியற்காலத்தில் அவள் வந்து வாசற்படியில் விழுந்து கிடக்கிறாள். பெயர்கூடச் சொல்லப்படாத அந்தப் பெண்தான், ஒவ்வொருவனும் தனக்குத் தானே சட்டமாக இருந்த காலத்தின் விலையைச் செலுத்தினாள். அந்தப் புருஷன் ஒரு லேவியன், அதாவது மத ஊழியத்துக்கென்று பிரிக்கப்பட்ட கோத்திரத்தான் என்பதையும் வேதம் மறைக்கவில்லை. தன்னிச்சையாக வாழ்வதும் கெட்டுப்போன மத அதிகாரமும் ஒரே வாசற்படியில் ஒரே பெண்ணைக் கைவிட்டன. பலவீனர்கள்மேல் அக்கறை கொண்டு மத அதிகாரத்தை எதிர்ப்பவர்கள் இந்தப் பகுதியைக் கூர்ந்து கவனிக்கிறார்கள் என்பதை நான் கண்டிருக்கிறேன்.

கிறிஸ்துவின் அதிகாரத்தை ஏற்பது மனிதனை அடிமையாக்கும் என்ற அச்சத்துக்கும் வரலாற்றில் பதில் உண்டு. ஜெர்மனியில் ஹிட்லரின் ஆட்சி சபையையும் தன் கொள்கைக்குள் இழுத்துக்கொண்டிருந்தபோது, 1934இல் பார்மென் நகரில் கூடிய கிறிஸ்தவர்கள், நாங்கள் கேட்டுக் கீழ்ப்படிய வேண்டிய தேவனுடைய ஒரே வார்த்தை இயேசு கிறிஸ்துவே என்று அறிக்கையிட்டார்கள். அந்த எதிர்ப்பு அணியில் இருந்த போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளாசன்பர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். ஜெர்மானியச் சபையார் எல்லாரும் இப்படி நிற்கவில்லை, மிகப்பலர் இணங்கிப்போனார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இயேசுவின் அதிகாரத்தை வாசித்துக் காட்டுங்கள்

இதுவரை சொன்னவை எல்லாம் நிலத்தை உழுவது போன்றவை, விதைப்பது இங்கேதான். நம்மால் பாதுகாக்க முடியாத எத்தனையோ காரியங்களைப் பாதுகாக்க முயன்று களைத்துப்போவதைவிட, அவரை மாற்கு சுவிசேஷத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அது பதினாறு அதிகாரங்கள் மட்டுமே. (ஆளும் உரிமையையும் நூலின் பகுதியையும் தமிழ் வேதாகமத்தில் ஒரே சொல்லால் குறிக்கிறோம் என்பதை இந்த வாசிப்பின்போது அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.) வாரம் ஒரு பகுதியாக, ஆறு பகுதிகள் போதும்: கப்பர்நகூம் ஜெபஆலயத்தில் ஜனங்கள் அவருடைய போதனையைக் கண்டு திகைத்தது, திமிர்வாதக்காரனின் பாவத்தை மன்னித்தது, காற்றையும் கடலையும் அதட்டியது, யாக்கோபும் யோவானும் உயர்ந்த இடம் கேட்டது, தேவாலயத்தில் அவருடைய அதிகாரத்தைக் குறித்துக் கேட்கப்பட்டது, சிலுவை. ஒவ்வொரு பகுதியிலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: “இங்கே அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அவர் அதை யாருக்காகப் பயன்படுத்துகிறார்?” வியாக்கியானத்தை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள்.

யாக்கோபும் யோவானும் உயர்ந்த இடம் கேட்கும் பத்தாம் அதிகாரத்துக்கு வரும்போது யோவான் 13ஐயும் அருகில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பிதா எல்லாவற்றையும் தம்முடைய கையில் ஒப்புக்கொடுத்தார் என்பதை இயேசு அறிந்திருந்தார் என்று மூன்றாம் வசனம் சொல்கிறது. எல்லாம் கையில் இருப்பவர் அடுத்து என்ன செய்கிறார்? நான்காம் வசனத்தில் எழுந்து, மேல்வஸ்திரங்களைக் கழற்றிவைத்து, சீலையை எடுத்து அரையில் கட்டிக்கொள்கிறார். ஐந்தாம் வசனத்தில் பாத்திரத்தில் தண்ணீர் வார்த்து, சீஷருடைய கால்களைக் கழுவித் துடைக்கிறார். இந்த இடத்தில் நிறுத்தி, சற்று நேரம் அமைதியாக இருங்கள். காட்டிக்கொடுக்கப் போகிற யூதாஸின் கால்களும் அங்கே இருந்தன. தன்னை ஒடுக்கிய அதிகாரத்தை மட்டுமே அறிந்த ஒருவருக்கு, அதிகாரம் என்ற சொல்லே இங்கே புதிதாக ஒலிக்கத் தொடங்கும்.

“அப்படியானால் எனக்கு இயேசு போதும், சபை வேண்டாம்” என்று அவர் சொன்னால் மகிழ்ச்சியோடு கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அங்கேயே விட்டுவிடாதீர்கள். இயேசுவைப் பற்றி நமக்குத் தெரிந்தவை எல்லாம் அவரைக் கண்டவர்களின் சாட்சியாகச் சபையின் வழியாக வந்தவையே. தனியே நாமாகத் தேர்ந்துகொண்ட இயேசு எப்போதும் நம்மோடு ஒத்துப்போவார். “உங்கள் இயேசு கடைசியாக எப்போது உங்களை மறுத்துப் பேசினார்?” என்ற கேள்வியை அன்போடு கேட்கலாம். அதை முதலில் நம்மிடமே கேட்டுக்கொண்ட பிறகு கேட்க வேண்டும்.

சபைக்குள் அதிகாரத்தைச் சீர்படுத்துங்கள்

பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. “நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும்” என்ற சங்கீதம் 105இன் வசனத்தைக் காட்டிப் போதகரைக் கேள்விக்கு அப்பாற்பட்டவராக்குவது வேதத்தைப் புரட்டுவதாகும். அந்தச் சங்கீதம் அந்நிய ராஜாக்களின் நடுவே அலைந்து திரிந்த ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகியோரைத் தேவன் காத்ததைப் பாடுகிறது. அபிஷேகம்பண்ணப்பட்ட ராஜா என்பதால் சவுலின்மேல் கைபோட மறுத்த தாவீதுகூட, 1 சாமுவேல் 24இல், குகையைவிட்டு வெளியே வந்து, எல்லாரும் கேட்கச் சவுலின் அநியாயத்தை எடுத்துச் சொன்னார். அவர் சவுலின் உயிரைத் தொடவில்லை. அவருடைய தவறைத் தொடாமல் விடவுமில்லை. மூப்பர்மேல் வரும் குற்றச்சாட்டை இரண்டு மூன்று சாட்சிகளோடு விசாரிக்கவும், பாவம் உறுதியானால் எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ளவும் 1 தீமோத்தேயு 5 கட்டளையிடுகிறது. தொடக்ககாலச் சபையின் ஒழுங்குநூலாகிய டிடாக்கே, ஊர் ஊராக வரும் ஊழியர் மூன்று நாள் தங்கினாலோ பணம் கேட்டாலோ அவரைக் கள்ளத்தீர்க்கதரிசி என்று எண்ணச் சொல்கிறது.

ஆகவே கணக்குகளைச் சபையார் பார்க்கும்படி வையுங்கள். பணத்தை ஒரே கையில் விடாதீர்கள். போதகரைப் பற்றிய புகாரைப் போதகரே விசாரிக்கும் நிலை இருந்தால் இந்த மாதமே அதை மாற்றுங்கள். நீங்கள் தவறு செய்தால், மன்னிப்பைப் பிரசங்கத்தின் நடுவில் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாமல், பாதிக்கப்பட்டவரிடம் நேரில் சென்று கேளுங்கள்.

விலகிப் போகிறவரைப் பற்றி

எல்லாவற்றையும் நன்றாகப் புரிந்துகொண்டும் ஒருவர் வேண்டாம் என்று சொல்லக்கூடும். மாற்கு 10இல் ஐசுவரியமுள்ள ஒருவன் துக்கத்தோடே போய்விட்டபோது, இயேசு அவனைத் துரத்திப் பிடிக்கவும் இல்லை, நிபந்தனையைக் குறைக்கவும் இல்லை. ஆனால் அவனைப் பார்த்து அன்புகூர்ந்தார் என்று அதே பகுதி சொல்கிறது. நரகத்தைக் காட்டிப் பயமுறுத்துவதும், உறவை முறிப்பதாக மிரட்டுவதும், பிறர் முன்னிலையில் அவருக்காகச் சத்தமாக ஜெபித்து அவமானப்படுத்துவதும் வேண்டாம். பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்லுங்கள், நோயுற்றால் போய்ப் பாருங்கள், தனியே அவருக்காக ஜெபியுங்கள்.

அந்த மாணவனுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கடிதம் எழுதினேன். அன்று அவன் கேள்வியை அடைத்துவிட்டதற்காக மன்னிப்புக் கேட்டேன்; வேறு எதையும் எழுதவில்லை. மூன்று வாரங்கள் கழித்துப் பதில் வந்தது. அவன் இப்போது இரண்டு குழந்தைகளின் தகப்பன். “கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது ஐயா” என்று எழுதியிருந்தான். இப்போது வியாழக்கிழமை மாலைகளில் தொலைபேசியில் சேர்ந்து வாசிக்கிறோம். அவன் இன்னும் ஆலயத்துக்கு வரவில்லை, நானும் அழைக்கவில்லை. மாற்கு இரண்டாம் அதிகாரத்தில், திமிர்வாதக்காரனை நான்கு பேர் கூரையைப் பிரித்து இறக்கும் இடத்தில் இருக்கிறோம். அந்த மனிதன் கேட்காமலேயே இயேசு ஏன் முதலில் அவன் பாவங்களை மன்னித்தார் என்று போன வாரம் கேட்டான். படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.